மூன்று சென்ட்டும் நாற்பது சென்ட்டும்

போன சித்திரையில் ஒரே நாளில் இரண்டு இடம் பார்த்தோம். காலையில் பார்த்தது காரைக்குடியில், கொப்புடையம்மன் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பஜாரை ஒட்டிய சந்தில் மூன்று சென்ட். ஓடு சரிந்த வீடு ஒன்று அதில் நின்றது. பக்கச் சுவர் முழுக்க அடுத்த கடையின் ஏசி பெட்டிகள்; கீழே நின்றால் தலையில் சொட்டுகிறது. மாலையில் பார்த்தது அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில், நாற்பது சென்ட்டில் ஒரு செட்டிநாட்டு வீடு. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லை வாசல். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், உள்ளே வளவு என்கிற நடு முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள், தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். இரண்டுக்கும் சொன்ன விலை ஏறக்குறைய ஒன்றே.

வாங்க வந்தவன் என் மாமா மகன். சிங்கப்பூரில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட நினைப்பவன். திரும்பி வரும்போது காரில், “அப்ப அந்தச் சந்துதான் இதைவிட உசத்தியா மச்சான்?” என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் பொருளாதாரம் படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிற கேள்வி அது. நடு ஊரில் வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது என்றால், அங்கே குடியிருக்க அத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று பொருளா? விலை மலிந்த ஊர் யாருக்கும் வேண்டாத ஊரா?

முதலில் விலை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். ஒரு தெருவில் நூறு வீடு இருந்து, அதில் ஒன்று இந்த வருடம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றுக்குக் கடைசிவரை போட்டியில் நின்ற இரண்டு பேர் எவ்வளவு தூரம் போனார்களோ, அதுதான் மீதி தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் விலையாக ஒட்டிக்கொள்ளும். விற்க நினைக்காத ஆச்சியின் வீட்டுக்கும் அதே விலை. ஊரை நேசிப்பவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. விற்பனைக்கு எத்தனை வந்தது, போட்டிக்கு யார் வந்தார்கள் என்ற இரண்டு மட்டுமே வருகின்றன.

காரைக்குடி பஜாரில் போட்டிக்கு வருபவர்கள் குடியிருக்க வருபவர்கள் அல்ல. கடை போட வருபவர்கள். ஜவுளி, நகை, செல்போன், பாத்திரம். அம்மன் சன்னதிப் பக்கமோ செக்காலை ரோட்டிலோ ஒரு சென்ட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்றால், அந்த வாசலைத் தாண்டி ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் கேட்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து முகூர்த்தப் பட்டுக்கு வருகிறவர்கள் அந்த விலையை ஏற்றுகிறார்கள். வாங்கி முடித்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே நடந்து பாருங்கள். ஷட்டர்களுக்கு மேலே மாடிகள் இருட்டாக இருக்கும். வீட்டு விலை என்று நாம் சொல்வது அங்கே கடை விலைதான். அதில் ஒரு குடும்பம் குடியிருந்தால், கடைக்கான விலையில் உட்கார்ந்து சோறு பொங்குகிறது, அவ்வளவே.

குடியிருப்பின் அருமையை அறிய வேண்டும் என்றால் வாடகையைப் பார்க்க வேண்டும். வாடகைக்கு வருகிறவர் நாளைக்கு நிலம் ஏறுமா இறங்குமா என்று கவலைப்படுவதில்லை. இந்த மாதம் இந்த வீட்டில் இருப்பது தனக்கு எவ்வளவு பெறுமோ, அதைக் கொடுக்கிறார். நம் பக்கத்தில் இதைவிடத் துல்லியமான ஒரு அளவுகோல் இருக்கிறது: ஒத்தி. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பது; காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே, வட்டியில்லாமல், திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புவது. அந்தப் பணத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டிதான் உண்மையான வாடகை.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து லட்சம் ஒத்தி. வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 35,000 ரூபாய் வந்திருக்கும். மாதத்துக்கு மூவாயிரத்துக்கும் கீழே. அதே வீட்டை விலைக்குக் கேட்டால் 45 லட்சம் என்கிறார்கள் என்று வையுங்கள். வாங்க நினைப்பவர் அந்த 45 லட்சத்தை வங்கியில் போட்டால் மாதம் 26,000 ரூபாய் சும்மா வரும். மூவாயிரத்துக்குக் கிடைக்கிற ஒரு சுகத்தை 26,000-த்தை விட்டுக்கொடுத்து வாங்குவானேன்? ஒத்திக்கு விடுகிறவருக்குப் பண நெருக்கடி இருக்கும், ஊர் வட்டியோடு ஒப்பிட்டால் கணக்கு அவருக்குச் சாதகமாக மாறும் என்பதெல்லாம் சரி. அதற்கெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிதுதான். அந்த இடைவெளியில் இருப்பது குடியிருக்கும் ஆசை இல்லை. நாளை ஏறும் என்ற நம்பிக்கை, பணத்தைப் பத்திரமாகப் பூட்டிவைக்க ஓர் இடம், பெண் கொடுக்கும்போது ‘சொந்த வீடு’ என்று சொல்லிக்கொள்ளும் தெம்பு. சிங்கப்பூர், துபாய்ச் சம்பளத்துக்கு ஊரில் நிலம்தான் உண்டியல்.

நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2024 ஆகஸ்ட் நல்ல உதாரணம். காரைக்குடி மாநகராட்சி ஆனது. முதல் நாள் வந்த குழாய்த் தண்ணீர்தான் மறுநாளும் வந்தது, தெருவும் அதே தெரு. ஆனால் மனை விற்பவர்கள் பேச்சில் ‘கார்ப்பரேஷன் லிமிட்’ என்ற வார்த்தை அன்றே ஏறிவிட்டது.

காகிதத்தில் இருக்கும் விலையை நம்பலாமா என்றால், அது இன்னும் மோசம். பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். இந்த ஆறு வருடத்தில் காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதியின் மேல் மக்களுக்கு ஆசை மூன்றில் ஒரு பங்கு குறைந்து மறுபடி கூடியதா என்ன? அப்புறம், பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கையில் வாங்குவது ஒன்று என்பது ஊரறிந்த விஷயம். பதிவான விலைகளை வைத்து ஊரின் ‘மவுசை’ அளப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விற்பனைக்கு எத்தனை வருகிறது என்ற பக்கத்துக்கு வருவோம். செட்டிநாட்டின் கதை இங்கேதான் மற்ற ஊர்களிலிருந்து பிரிகிறது.

எங்களை அழைத்துப்போன தரகர் அறுபது வயதுக்காரர். நாற்பது சென்ட் வீட்டு முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, இந்த வீடுகள்ல சென்ட் என்ன விலைன்னு கேட்காதீங்க. கையெழுத்து எத்தனைன்னு கேளுங்க.” அந்த வீட்டுக்குப் பதினெட்டு. நகரத்தாரில், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களில், கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோவில் கணக்கு, ஊர் வரி எல்லாம் புள்ளிப்படிதான். வீடும் அப்படியே. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை, சில இடங்களில் உள்ளும் வெளியுமாக இரண்டு. அந்த அறையையே ‘வீடு’ என்றுதான் சொல்வார்கள். மூன்று தலைமுறை கடந்தால் ஒரு பெரிய வீட்டுக்குள் எத்தனை சின்ன வீடு, எத்தனை பங்காளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது மணமாகாத மகள்களுக்கும், 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தன. நியாயமான சட்டங்கள், ரொம்பவும் தாமதமாக வந்தவை என்றே நான் சொல்வேன். ஆனால் கையெழுத்து எண்ணிக்கை கூடியதும் உண்மை. ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டல்லாஸில், ஒருவர் கோபித்துக்கொண்டு மயிலாப்பூரில்.

பதினெட்டில் பதினேழு பேர் சரி என்றாலும் முழு வீட்டுக்குக் கிரயம் ஆகாது. பங்கைத் தனியாக விற்கச் சட்டத்தில் இடம் உண்டு. நடு வளவில் பதினெட்டில் ஒரு பங்கை எந்த வெளியாள் வாங்குவான்? அதனால் இந்த வீடுகளில் பெரும்பாலானவை சந்தைக்கே வருவதில்லை. சந்தைக்கு வராத பொருளுக்கு விலை கிடையாது. ஆனால் கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், கோவில் திருவிழா என்றால் அதே பதினெட்டுக் குடும்பமும் வந்து இறங்குகிறது. ஒருநாள் சடங்குக்காக வருடம் முழுக்க ஆள் வைத்துக் கூட்டிப் பெருக்குகிறார்கள், ஓட்டை மாற்றுகிறார்கள். ஒரு வீட்டின் மேல் மனிதர்களுக்கு இருக்கும் ஆசைக்கு இதைவிடச் செலவான அத்தாட்சி இருக்குமா தெரியவில்லை. சென்ட் கணக்கில் அது ஒரு பைசாவாகக்கூடப் பதிவாவதில்லை.

நடு ஊர் நிலம் ஏன் விலை கூடியது என்பதற்குப் பாடப்புத்தகங்களில் சொல்லும் காரணம், வேலை செய்யும் இடத்துக்கு அது பக்கம் என்பது. நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964-ல் இதை ஒழுங்காக எழுதிவைத்தார்: மையத்தில் வேலை, மையத்திலிருந்து விலக விலகப் பயணச் செலவு கூடும், அந்த அளவுக்கு நில வாடகை குறையும். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு வேலை எங்கே இருந்தது? ரங்கூனில், பினாங்கில், கொழும்பில், சைகோனில். கப்பல் ஏறிப் போனால் மூன்று வருடம் கழித்துத்தான் வருவார்கள். வேலைக்கு இத்தனை தூரத்தில், மழை குறைந்த இந்தச் செம்மண்ணில், தேக்கையும் பளிங்கையும் கடல் கடந்து கொண்டுவந்து வீடு கட்டினார்கள். அவர்களுக்கு மையம் என்பது கோவிலும் ஊருணியும் பங்காளி வீடும். அலோன்சோவின் வரைபடத்தை காரைக்குடி பஜாரின் மேல் வைத்தால் பொருந்தும். கானாடுகாத்தான் மாதிரி செட்டிநாட்டு ஊரின் மேல் வைத்தால் காற்றில் பறந்துவிடும்.

பெரிய சொத்து என்பதும் விரும்பிய சொத்து என்பதும் வேறு வேறு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பர்மாவே கற்றுக்கொடுத்த பாடம். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1930-களின் இறுதியில் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. பிறகு யுத்தமும் நிலச் சட்டமும் வந்து, அதுவும் போனது.

சரி, சந்தைக்கு வந்துவிட்ட செட்டிநாட்டு வீட்டுக்கு என்ன விலை? இதற்கு விடை முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிறது. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. வாசலிலேயே தேக்குத் தூண்கள் படுத்திருக்கும். உள்ளே போனால் நிலைக்கதவு, உத்தரம், எனாமல் வாளி, பெல்ஜியம் கண்ணாடி, யாரோ ஒரு ஐயாவின் மரப் பெட்டகம். தூண்களின் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டிருக்கும். பிரித்த வீட்டில் எது எங்கே நின்றது என்று வாங்குகிறவர் திரும்பப் பொருத்துவதற்காக.

பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் கிளேசரும் ஜோசப் ஜியோர்கோவும் 2005-ல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஊர் வளரும்போது வீடு சீக்கிரம் முளைக்கிறது. ஊர் தேயும்போது வீடு அதே வேகத்தில் மறைவதில்லை. ஆட்கள் போய்விடுவார்கள், வீடு நிற்கும். அதனால் விலை கட்டுமானச் செலவுக்கும் கீழே இறங்கி அங்கேயே பல பத்தாண்டு கிடக்கும். டெட்ராய்ட்டில் 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர். 2020-ல் ஆறரை லட்சத்துக்கும் குறைவு. அங்கே வரி பாக்கி வீடுகளின் ஏலம் 500 டாலரில் தொடங்கியிருக்கிறது. செட்டிநாட்டு வீட்டை இன்று அதே தேக்கில், அதே முட்டைச் சுண்ணாம்புப் பூச்சில் கட்டினால் என்ன ஆகும் என்று எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள், சிரிப்பார். விற்கும் விலை அதன் பக்கத்தில்கூட வராது.

டெட்ராய்ட்டுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே வீட்டுக்கு ஒரு தரைவிலை இருக்கிறது: தூண், கதவு, உத்தரம், கல் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றால் வரும் தொகை, கூடவே வெறும் மண்ணின் விலை. பெங்களூரில் ஒரு ரிசார்ட்டுக்கும் ஈ.சி.ஆரில் ஒரு பண்ணை வீட்டுக்கும் ‘செட்டிநாடு ஸ்டைல்’ வேண்டும் என்ற ஆசை கூடக் கூடத் தூண் விலை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் முழு வீட்டைவிடப் பிரித்த வீடு கூடுதலாகப் பெறுகிறது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இந்த வீடுகளை உலகம் விரும்புகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அந்த விருப்பம்தான் சில வீடுகளை ஹோட்டலாக்கிக் காப்பாற்றுகிறது, வேறு சிலவற்றை லாரியில் ஏற்றுகிறது.

இதில் கையெழுத்தும் சேர்ந்துகொள்கிறது. வீட்டை நிலத்தோடு விற்கப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும்; பதினெட்டுப் பேரும் வர வேண்டும், இல்லை பவர் அனுப்ப வேண்டும். பிரித்த மரத்தை விற்கப் பதிவு எதுவும் தேவையில்லை. எல்லோரும் போனில் சரி என்று சொல்லிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் முடிந்தது.

வெளியூர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. டோக்கியோ ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புது வீடு கட்டுகிறது. ஆட்கள் வந்து குவிந்தாலும் வாடகை அந்த அளவுக்குப் பறப்பதில்லை. வியன்னாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். சான் பிரான்சிஸ்கோ கட்டவிடாமல் விலையை ஏற்றிக்கொண்டது. இந்த மூன்றின் விலைப்பலகையை மட்டும் பார்த்து எது நல்ல ஊர் என்று வரிசைப்படுத்தினால் கேலிக்கூத்தாகும்.

அப்படியானால் விலைக்கும் ஊரின் அருமைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, தனியாகப் பார்த்தால் தெரியாது. சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் ரோபாக் 1982-ல் தெளிவாக்கிய விஷயம். வாடகை கூடுதலாக இருந்தும் சம்பளம் குறைவாக உள்ள ஊரில் ஆட்கள் தங்குகிறார்கள் என்றால், பணத்தால் கணக்கிட முடியாத ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வாடகையும் கூடுதல், சம்பளமும் கூடுதல் என்றால் அது வேலைக்கான கூட்டம்; ஊருக்கான கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறும் பையன்களைக் கேட்டால் சென்னை பிடித்துப் போவதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரைக்குடியைப் பார்த்தால், குடியிருக்கும் ஆசை பஜாரில் இல்லை, வெளிவட்டத்தில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அழகப்பர் தொடங்கிய கல்லூரிகளின் மேல் 1985-ல் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெளியூர்க்காரர்கள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டியிருக்கிறார்கள். கேட்டால் தண்ணீரைச் சொல்வார்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்தவன் வேறெங்கும் போக மாட்டான் என்பது இங்கே பழைய பெருமை. பிள்ளைகள் படிப்பைச் சொல்வார்கள். 1939-லிருந்து நடக்கும் கம்பன் விழாவைச் சொல்பவர்களும் உண்டு. ஒருவர் தானமாகக் கொடுத்த நிலம் சுற்றியிருந்த பொட்டலை எல்லாம் மனையாக்கியது. அந்த ஏற்றத்தில் விற்று லாபம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதற்கு ஒரு செங்கல் எடுத்து வைத்திருப்பார்கள்!

மாமா மகன் கடைசியில் எதையும் வாங்கவில்லை. சுப்பிரமணியபுரத்தில் இரண்டு வருட ஒத்திக்கு ஒரு மாடி வீடு எடுத்திருக்கிறான். இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்வானாம். மூன்று சென்ட்டில் இப்போது செல்போன் கடை. இந்தத் தை மாதம் வேறொரு வேலையாக அந்த நாற்பது சென்ட் வீட்டுப் பக்கம் போனேன். தலைவாசல் திறந்திருந்தது. முகப்புத் தூண்களின் அடியில் சாக்பீஸால் ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டிருந்தது.